ஒரே முற்றத்துச் செத்தல்

கொழும்பிலிருந்து வந்த பதில் கடிதத்தில் திகதியிருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. திறந்த இறக்குமதி தொடங்கியபின் வந்த இரண்டாவது மிளகாய்ப் போகம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. வெளிநாட்டுச் செத்தல் மிளகாய் அதன் சொந்த நாட்டு விலைக்கும் கீழே இங்கே வந்து இறங்குகிறது, அதற்குத் தனி வரி போடுங்கள் என்று என் கணவர் அரசாங்கத்துக்கு முறைப்பாடு எழுதியிருந்தார். சரக்கு வருவது எங்களோடு வர்த்தகச் சலுகை உடன்படிக்கை செய்த நாடு, ஆகவே முதலில் இரண்டு அரசுகளும் பேசவேண்டும், அதுவரை வரியில்லை என்று பதில் வந்தது. உறவுக்காரர்மேல் வழக்கு வைக்குமுன் பள்ளிவாசலில் பேசச் சொல்வதைப் போலத்தான்.

என் கணவருடைய மிளகாய்த் தோட்டம் குறிஞ்சாக்கேணியில். காய்ந்த செத்தல் எங்கள் முற்றத்துப் பாயில் கிடந்தது. அது விலைபோகாவிட்டால் தோட்டத்தைக் கைவிடுவதென்று இருந்தார்.

எங்கள் ஊரான கிண்ணியாவில் மாப்பிள்ளை பெண்வீட்டில்தான் குடியிருப்பார். சீதன வீடு தந்த என் வாப்பா, அதே முற்றத்தில் அடுத்த வீட்டில் இருந்தார். கடைத்தெருவில் வெளிநாட்டுச் செத்தல் விற்றவரும் அவரே. இரண்டு வீட்டுக் கடிதங்களையும் தபால்காரர் அவர் கடையில்தான் கொடுப்பார். முறைப்பாட்டில் வேறு விலாசம் போட எங்களுக்குத் தோன்றவேயில்லை.

பதில் வந்த அன்று மத்தியானம் வாப்பா பிரித்த கடிதத்தோடு வந்து கதிரையில் இருந்தார்.

"என்ன மருமகன், எனக்கு வரி போடச் சொல்லி எழுதினீங்களாம்?"

"உங்களுக்கில்லை மாமா. சரக்குக்கு."

"சரக்கு என்ன, தானா நடந்தா என்ட கடைக்கு வந்தது?"

குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற உம்மா சிரித்துவிட்டா. இவர் தலை நிமிரவில்லை. வாப்பா முற்றத்தில் இறங்கி ஒரு செத்தலை உடைத்து மணந்து பார்த்தார்.

"ரெண்டு அரசாங்கமும் கதைச்சு முடியுமட்டும் இது பாயில கிடக்க ஏலாது. மழை வரும். கட்டி என்ட கடைக்கு அனுப்புங்க. வெளிநாட்டுச் சரக்கு வர முந்தி இருந்த விலை தாறன்."

"உங்களுக்கு நட்டம், மாமா."

"ஓம், என்ட கடை, என்ட நட்டம். அதுக்கும் கொழும்புக்கு எழுதப் போறீங்களா?"

இவர் சிரித்ததை நான் பல நாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். அடுத்த போகமும் நட்டார்.

அந்தச் செத்தலைத் தம்பலகாமத்து வயல்காரர் நல்ல விலைக்கு வாங்கிப் போனார்கள் என்று வாப்பா மௌத்தாகும் கடைசி நாள்வரை சொன்னார். வாப்பா அதை நட்டத்தில், வெளிநாட்டுச் செத்தலின் விலைக்கே விற்றார் என்பது உம்மாவின் கதை. தம்பலகாமத்தில் நான் விசாரித்தவர்களுக்கு நினைவில்லை. எது சரி என்பது இன்னும் உறுதிப்படவில்லை.