இரண்டாவது கட்லட்டின் பாதியில் சொன்னது

அந்தக் கைப்பிடி பாதி வழியில் சிக்கி நின்றது என் தோளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மனுரேவாவில் அக்காவின் கராஜ், சனிக்கிழமை பின்னேரம், மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய புரோகிரசிவ் பிரஸ். சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கோதுகளை மறுபடி ரவையாக்கும் இயந்திரம் அது. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் வட்டத் தட்டில் நிற்கும் கோதுகள் ஆளுக்கு ஓரிடம் நகரும்; ஒன்றில் அடியிலிருந்து தீ மூட்டும் பழைய பிரைமர் கழன்று விழும், ஒன்றில் வெடிமருந்து கொட்டும், ஒன்றில் குண்டு உட்காரும். இழுப்புக்கு ஒரு ரவை பெட்டியில் விழும்.

அக்கா என்பவர், பக்கத்து ஊரான விரியில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் லைன் லீடர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் மன்னாரிலிருந்து கொண்டுவந்த அந்த அதட்டலுக்கு எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டோம். நான் அங்கே ஃபிட்டர். இருவரும் ஒரே துப்பாக்கிக் கிளப், இருவரிடமும் லைசன்ஸ் உண்டு. குறி மட்டும் அவருக்குத்தான் வாய்த்தது. மறுநாள் போட்டியில் நன்றாகச் சுட்டால் ஆக்லாந்து அணியில் இடம். மூன்று வருடமாக அதற்காகவே பாடுபட்டார். கடை ரவை கைக்கு ஒத்துவராது என்று எல்லாவற்றையும் தானே செய்தார்.

"பிரஸ்ஸில இருக்கேக்க ஆரும் என்னோட கதைக்கக் கூடாது" என்பது அவர் சட்டம். வாசலில் கார் வந்து நிற்கும்வரை அது செல்லும். அன்று சொல்லாமல் கொள்ளாமல் அவருடைய மாமியாரும் மாமனாரும் வந்து இறங்கினார்கள். மாமியாரை வாசலில் நிற்க வைத்துவிட்டுக் கைப்பிடி இழுக்கும் மருமகளை நம்மவரில் நான் இன்னும் காணவில்லை. "ஒண்டையும் தொடாதேயும், வாறன்" என்று ஓடினார்.

தொடாமல் இருந்திருக்கலாம். ஆனால் நின்ற லைனைக் கண்டால் ஓட்டிவிட வேண்டும் என்பது என் தொழில் புத்தி. ஓட்டினேன். பத்துப் பதினைந்து நன்றாகவே வந்தன. பிறகு சிக்கியது. பின்னுக்குத் தள்ளி, தட்டைக் கையால் சரிசெய்து, மறுபடி இழுத்தேன். ரவை விழுந்து, பெட்டியில் கிடந்த முந்நூறோடு கலந்த பிறகுதான் உறைத்தது. ஒரே கோதில் மருந்து இரண்டு தரம் கொட்டியிருக்கலாம். அப்படி ஒன்றைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கும்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நானோ அக்காவின் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்லட் சாப்பிட்டேன். ரயில் ஓடாத வார இறுதிகளை அவர் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். பதினைந்து வருட ஃபிட்டருக்குக் கைப்பிடி இழுக்கத் தெரியவில்லை என்று திங்கட்கிழமை பெயர் வாங்க மனம் ஒப்பவில்லை. இரண்டாவது கட்லட்டில் பாதி முடித்தபோது அக்கா தேநீரை நீட்டினார். கோப்பையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"எத்தினையாவது?"

"தெரியாது அக்கா."

கோதுக்குக் கோது எடை மாறும், தராசில் நிச்சயமாகப் பிடிக்க முடியாது. எல்லாவற்றையும் பிரிப்பதுதான் வழி. மறுநாள் போட்டி நடந்த நேரத்தில் நாங்கள் கராஜில் உட்கார்ந்து ஒவ்வொரு ரவையாக, குண்டு கழற்றுவதற்கென்றே உள்ள பொந்துச் சுத்தியலில் மாட்டி, கட்டையில் அடித்து, குண்டைக் கழற்றினோம். முக்கால்வாசி முடிந்தபோது ஒன்றிலிருந்து இரண்டு பங்கு மருந்து கொட்டியது.

"இந்தா, உம்மட ஆள்" என்றார். பிறகு, "எத்தினை கட்லட்டுக்குப் பிறகு சொன்னனீர்?"

"ஒண்டரை."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

இப்போது என் வீட்டிலும் பிரஸ் இருக்கிறது. யார் வந்தாலும் தட்டில் நிற்பதை எல்லாம் கழற்றிக் கொட்டிவிட்டுத்தான் எழும்புவேன். வாசலில் காத்து நின்ற சொந்தக்காரர் இரண்டு பேர் இன்னும் எனக்கு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பரவாயில்லை, கோபம் ஆறும்.

அக்காவின் கோபம் அடுத்த வருட அணித் தேர்வுப் போட்டிவரை ஆறவில்லை என்றே நினைத்திருந்தேன். தேர்வுக்கு முதல்நாள் கூப்பிட்டார். பிரஸ்ஸுக்கு முன்னால் என்னை இருத்தி, "நூறு செய்யும்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் அந்த நூறில் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் சுட்டார்.