பாறைக்கடியில் வைத்த பிள்ளை

ஆடிக் காற்று கம்பம் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வீசத் தொடங்கினால் எனக்கு இன்றும் அந்தச் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வரும். பாறைக்கடியில் தண்ணீர் புகுந்து, உள்ளே எதையோ துழாவிவிட்டு, 'களக்' என்று வெளியே வரும் சத்தம். அலை என்றால் எல்லோருக்கும் கடல்தான். நான் கடலைப் பார்த்தது திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனபோது, அதுவும் ஒரே தடவை. எனக்குத் தெரிந்த அலையெல்லாம் வைகை அணையில், எங்கள் காட்டுக்குக் கீழே, பாறைக் கரையில் வந்து மோதியதுதான்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன வருஷம் சித்திரையில் என் ஓரகத்திக்கு, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவிக்கு, முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பேர் வைக்கும் முன்பே சன்னி கண்டு போய்விட்டது. வீட்டில் அழுகையை விடப் பயம்தான் பெரிதாக இருந்தது. தலைச்சன் பிள்ளையைப் புதைத்தால் மந்திரவாதிகள் தோண்டி எடுத்து மை காய்ச்சிவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் அப்போது எல்லோரும் நம்பினார்கள். புதைத்த இடத்தில் காவல் கிடந்தவர்களும் உண்டு. என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வெறும் மண்ணுல வச்சா தோண்டிருவாய்ங்க. நம்ம பாறைக்கு அடியில வையிங்க. எந்தப் பயலும் அங்கன கை வைக்க முடியாது."

கரையில் ஒரு பெரிய பாறை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் குழி வெட்டி, பிள்ளையை வைத்து, ஆண்கள் சேர்ந்து குண்டுக் கற்களை உருட்டி மூடினார்கள். கோடை. தண்ணீர் எங்கோ கீழே, சட்டியில் மிச்சம் வைத்த குழம்பு போலக் கிடந்தது. மனுஷனுக்குப் பயந்து தேடிய இடம் அது. தண்ணீரைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு நல்ல மழை பெய்த வருஷங்கள் வந்தன. தண்ணீர் ஏறிப் பாறையின் காலைத் தொட்டது. அலை ஒரே அடியில் பாறையை உடைத்துவிடுவதில்லை. விரிசலில் இருக்கும் மண்ணை முதலில் நக்கி எடுக்கும். அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த பொடிக்கல் உதிரும். உதிர்ந்த கல்லையே அள்ளி மறுபடி பாறையின் மேல் எறியும். தண்ணீர் இறங்கியதும் வெயில் வந்து மிச்ச வேலையைப் பார்க்கும். சூட்டில் பாறை பொறுக்குப் பொறுக்காக உரியும். அந்த இடுக்கில் அடுத்த மழை இறங்கும்.

ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா கோடைதோறும் பாறைக்கடியில் கையை விட்டுப் பார்ப்பாள். முதலில் விரல்தான் போயிற்று. பிறகு மணிக்கட்டு. ஒரு கோடையில் முழங்கை வரை போனது. கையை எடுத்ததும் என் முகத்தைப் பார்ப்பாள். இருவரும் கல் பொறுக்கி, களிமண் குழைத்து அந்தப் பொந்தை அடைப்போம். பரிசலில் மீன் பிடிக்க வருகிற ஒருவர் தண்ணீரிலிருந்தே கத்துவார்: "ஏ ஆத்தா, கவர்மெண்டு கட்டுன அணை பத்தலைன்னு நீ ஒண்ணு கட்டுறியாக்கும்?"

அக்காவும் விட மாட்டாள். "ஆமாண்ணே, கட்டி முடிஞ்சதும் மதகு தொறக்க ஒன்னத்தான் வேலைக்கு வைக்கணும்."

அவருக்கு விஷயம் தெரியாது. நாங்களும் சிரித்து வைப்போம்.

ஒரு நாள் அக்கா சோறு போட்டுக்கொண்டே தன் வீட்டுக்காரரிடம் கேட்டாள். "அவனை எடுத்து மேட்டுல வச்சிருவோமா?"

"வச்சதை எடுக்கக் கூடாது. மம்பட்டியும் கையுமா அங்கன போயி நின்னா நம்மளத்தான் மந்திரவாதின்னு கட்டி வச்சுத் தோலை உரிப்பாய்ங்க."

"அப்ப தண்ணி கொண்டு போகட்டுமா?"

அவர் தட்டைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்தார். மாமியார்தான் சொன்னார்: "பாறைடி அது. கரையறதுக்கு வெல்லக்கட்டியா?"

அந்த ஐப்பசியில் அடைமழை. அணை நிரம்பி, காற்றும் சேர்ந்துகொண்டது. கரைக்குப் போக முடியவில்லை. நான் விளக்கு வைத்து, காற்றை மட்டும் நிறுத்து முருகா என்று தினமும் கேட்டேன். மழை வெறித்த அன்று காலையில் போனோம். பாறை முன்பக்கமாக ஒடிந்து தண்ணீருக்குள் குப்புறக் கிடந்தது. குழி இருந்த இடத்தில் வெறும் தண்ணீர் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. அக்கா இடுப்பளவு இறங்கித் துழாவினாள். நான் கரையில் நின்று, "போதும் வாக்கா, போதும் வாக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வெகு நேரம் கழித்து ஏறி வந்து சேலையைப் பிழிந்தாள். "போயிட்டான்டி" என்றாள். வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

மாமியார் அவள் தலையைத் தடவி, "மனுசக் கை படாமத்தான ஆத்தா போச்சு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

முருகன் ஏன் கேட்கவில்லை என்று நான் அவனிடம் கேட்டதில்லை. கேட்கத் தோன்றிய நாட்களிலும் விளக்கை வைத்துவிட்டு வந்துவிடுவேன். அக்கா அதற்குப் பிறகு அணை மீனைத் தொடவில்லை. அணைத் தண்ணீரையும் வாயில் வைக்கவில்லை. ஊருக்குக் குழாய் வந்த பிறகும் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரைத்தான் சுமந்து வந்தாள். பின்னால் அவளுக்குப் பெண் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். யாரும் அவளிடம் காரணம் கேட்கவில்லை.

வயிற்று நோயில் அவள் படுத்தபோது டாக்டர் அவளை வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். கடைசி நாளில் அவள் வீட்டுக்காரர் காசிச் சொம்பின் மூடியை உடைத்து, கங்கைத் தண்ணீரை அவள் உதட்டருகே கொண்டுபோனார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அங்கன போயி மொண்டுட்டு வா."

எங்கே என்று நான் கேட்கவில்லை. வேறொரு சொம்பை எடுத்துக்கொண்டு அணைக்கு ஓடினேன். ஒடிந்து விழுந்த பாறையையும் அலை அரைத்துத் தின்றிருந்தது. முன்பு அத்தனை பேர் சேர்ந்து கல் உருட்டிய இடத்தில் கால் புதைய மணல்தான் கிடந்தது. காற்றில் தண்ணீர் கலங்கியிருந்தது. எப்படி மொண்டாலும் மணலும் சேர்ந்தே வந்தது.

வீட்டில் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, தம்ளர் மேல் முந்தானையை விரித்து வடிகட்டப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த உடம்பில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"வடிகட்டாத. அப்படியே குடு."

மணலோடு ஊற்றினேன். கண்ணை மூடி விழுங்கினாள்.