ரோலர் அறையில் போன காது

இதை எழுத உட்காரும்போதே கோபம் வருகிறது. பரவாயில்லை, கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன். காது சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் வகுப்பில் யாரும் சொல்லித்தரப் போவதில்லை.

1. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மலைநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் காது சோதனைப் பிரிவில் வெகுகாலமாக வேலை பார்க்கிறேன். ஒரு நாள் காலை பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பாக்கியம் என்ற பெண் தன் கணவர் தர்மலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். தர்மலிங்கம் தேயிலை பெக்டரியில் ரோலர் ஓட்டுபவர். வாட்டிய கொழுந்தைப் போட்டுத் திருகும் மெஷின் அது. நாற்காலியில் உட்காரும் முன்பே பாக்கியம் ஆரம்பித்துவிட்டார்.

“மிஸ், போன கெழம இவரு ஓட்டுற ரோலர்ல செல்வம்னு ஒரு தம்பியோட வெரலு மாட்டிக்கிச்சு. டீமேக்கர் ஐயா பின்னால இருந்து நிப்பாட்டு நிப்பாட்டுன்னு கத்துனாராம். இவரு திரும்பியே பாக்கலையாம். வேணும்னே நிப்பாட்டலன்னு சொல்லி வேலைய விட்டுத் தூக்கப் பாக்குறாங்க. வேல போனா லயத்துக் காம்பிராவையும் விடணும். ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு நாங்க எங்க போறது?”

டீமேக்கர் என்பவர் பெக்டரிக்குப் பொறுப்பான அதிகாரி; லயத்துக் காம்பிரா, தோட்டம் குடியிருக்கக் கொடுக்கும் வரிசை வீட்டு அறை. தோட்டத்தில் யாராவது காதைச் சோதித்தார்களா என்று கேட்டேன்.

“டீமேக்கர் ஐயாவே சோதிச்சாரு மிஸ். முன்னால நிக்க வச்சு, ராத்திரி என்ன சாப்பிட்டன்னு மெதுவா கேட்டாராம். ரொட்டியும் சம்பலும்னு இவரு சொல்லிட்டாரு. காது நல்லாத்தான் இருக்கு, திமிருதான்னு முடிவு பண்ணிட்டாங்க.”

எனக்கும் கொஞ்சம் சந்தேகம் வந்தது. நான் கேட்டதற்கெல்லாம் தர்மலிங்கம் டக்கென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் புகாத சிறு அறைக்குள் அவரை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். இந்தப் பக்கம் நான், நடுவில் தடித்த கண்ணாடி. “தேத்தண்ணி குடிச்சிட்டா வந்தீங்க?” என்று பேச்சுக்குக் கேட்டேன். “குடிச்சிட்டுத்தான் வந்தோம் மிஸ்” என்று அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

பிறகுதான் கவனித்தேன். என் மைக் பட்டனை நான் அமுக்கவே இல்லை.

மைக்கைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதே குரலில் ஊர்ப் பெயரைக் கேட்டேன். “சத்தம் வருது மிஸ். என்னான்னு வெளங்கல” என்றார்.

மனிதர் காதால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார். ரோலர் அறையில் எல்லாரும் அப்படித்தான். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்திப் பயனில்லை என்று வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிடும். அதன் பிறகு வாயை மட்டும் அசைப்பார்கள், கையால் காட்டுவார்கள். அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குடும்பக் கதையே பேசி முடிப்பார்கள். அப்படிப்பட்டவரை முன்னால் நிற்கவைத்துக் கேள்வி கேட்டுக் காதைச் சோதித்திருக்கிறார்கள்! கண்ணைச் சோதித்துவிட்டுக் காதுக்கு நற்சான்று கொடுத்திருக்கிறார்கள்.

சோதனையை முழுதாகச் செய்தேன். தாழ்ந்த சுருதியில் காது ஓரளவு நன்றாக இருந்தது. மீடிறன், அதாவது அதிர்வெண், ஏற ஏற வரைபடத்தில் கோடு சரிந்து, நாலாயிரம் ஹேர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்தது. இரைச்சலில் கெட்ட காதை அந்தப் பள்ளமே காட்டிக்கொடுத்துவிடும். உள்காதில் நத்தைச்சுருளுக்குள் இருக்கும் மெல்லிய மயிர்க்கலங்கள்தான் ஒலியின் அதிர்வை நரம்புக்குக் கொடுக்கின்றன. பேரிரைச்சல் வருடக்கணக்கில் அடித்தால் அவை செத்துப்போகும், திரும்ப முளைக்காது. உயர்ந்த சுருதிக்கான கலங்கள்தான் முதலில் போகும். அதனால் இவர்களுக்குக் கோயில் மேளம் கேட்கும், லொறி வருவது கேட்கும். பேச்சில் ச, த, க போன்ற எழுத்துகள் மட்டும் கரைந்துபோய், மிச்சம் வெறும் முனகலாக வந்து சேரும்.

இதைப் பாக்கியத்திடம் சொன்னேன். அவர் முகம் மாறிப்போனது. “வீட்டுலயும் கூப்பிட்டா திரும்ப மாட்டாரு மிஸ். வேணும்னே பண்றாருன்னு நானுந்தான் ஏசிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

2. அலுமாரியில் இருந்த காதுறை

தர்மலிங்கத்தின் மேல் தோட்டம் நடத்தும் விசாரணைக்கு வந்து சொல்ல முடியுமா என்று தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கேட்டார். ரிப்போர்ட் அனுப்பினால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

தலைவர் என்னை பெக்டரி வழியாகத்தான் கூட்டிப்போனார். ரோலர் அறை வாசலில் சத்தமானியைப் பிடித்தேன். எட்டு மணி நேர வேலைக்கு எண்பத்தைந்து டெசிபல்தான் எல்லை என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். முள் அதைத் தாண்டிப் போய் நின்றது. பக்கத்தில் நின்ற தலைவர் ஏதோ சொன்னார், நல்ல காது உள்ள எனக்கே ஒரு சொல் விளங்கவில்லை. இந்த இடத்தில்தான் பின்னாலிருந்து கத்தினாராம், இவர் திரும்பவில்லையாம்!

டீமேக்கரின் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் வரிசையாக, இரைச்சலைத் தடுக்கும் காதுறைகள், சிலவற்றில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஏன் யாரும் போடவில்லை என்று தலைவரைக் கேட்டேன்.

“வெளிநாட்டு ஆளுங்க பெக்டரிய பாக்க வர்ற அன்னிக்குக் குடுப்பாங்க மிஸ். அவங்க வேன் கேட்டத் தாண்டுனதும் வாங்கி உள்ள வச்சிருவாங்க.”

எத்தனை பேருடைய காது அந்த அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்ததோ! அன்று எனக்கு வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

3. விசாரணை

ஒஃபிஸில் மேசைக்கு அந்தப் பக்கம் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை. அவருக்குப் பக்கத்தில் டீமேக்கர். இந்தப் பக்கம் தர்மலிங்கம் நின்றுகொண்டிருந்தார், கூடவே தலைவரும் நானும். பாக்கியத்தை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

நான் வரைபடத்தின் கோட்டையும் பள்ளத்தையும் காட்டி விளக்கினேன். டீமேக்கர் அசையவில்லை. “மெஷின் என்ன வேணா காட்டும் மிஸ். நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னான். கேக்காதவன் எப்புடி சொல்லுவான்?”

தர்மலிங்கத்துக்கு எதிரே போய் நின்று, ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் கேட்டேன். “இன்னிக்கு வெளிய மழையா, வெயிலா?”

தர்மலிங்கம் ஃபைலையே பார்த்துக்கொண்டு நின்றார். டீமேக்கருக்குத்தான் ஆத்திரம் வந்தது. “இப்புடி வாய மூடிக்கிட்டு மொனங்குனா யாருக்குத்தான் வெளங்கும்?”

தொரை மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். “எனக்கு வெளங்குச்சே. மழையா வெயிலான்னு கேட்டாங்க.”

“எனக்குந்தான் கேட்டுச்சு” என்றார் தலைவர்.

டீமேக்கரும் வாலிபத்திலிருந்து அதே பெக்டரியில் வேலை பார்ப்பவர். அவர் காதும் அதே சத்தத்தில்தான் போயிருந்தது. செவிடர் ஒருவர் இன்னொரு செவிடரின் உதட்டைப் பார்த்துக் காது சோதித்து, வேலையைப் பறிக்கத் தீர்ப்பும் எழுதியிருக்கிறார். அவர் முகம் கறுத்துப்போனதைப் பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த அலுமாரிச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது.

தொரை தொண்டையைச் செருமிக்கொண்டார். “டீமேக்கர், நீங்க கொழும்புக்குப் போய் நல்ல டொக்டரா பாத்து காதுக்கு ஒரு மெஷின் போட்டுக்கங்க. தோட்டத்துக் காருலயே போங்க.” பிறகு தர்மலிங்கத்தைப் பார்த்தார். “சரி, இந்தத் தடவ மன்னிச்சி விடுறேன். நாளைக்கு வேலைக்கு வா.”

அவருக்குக் கார், இவருக்கு மன்னிப்பு. எதற்கு மன்னிப்பு? காதை வாங்கிக்கொண்டவர்கள் காதைக் கொடுத்தவரை மன்னிக்கிறார்களாம்!

தர்மலிங்கம் தொரையின் உதட்டை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கியதும் இரண்டு கையையும் கூப்பி, “ரொம்ப நன்றிங்க தொரை” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்குள் நான் கதவோரம், அவருக்குப் பின்னால் வந்திருந்தேன். “கைய எறக்குங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணல” என்றேன். தொரை நிமிர்ந்து பார்த்தார். தலைவர் திரும்பிப் பார்த்தார். கூப்பிய கை மட்டும் அப்படியே இருந்தது.

நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு போய், தொரைக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கும்வரை பொறுத்திருந்து, அதையே மறுபடியும் சொன்னேன்.

கையை இறக்கினார்.