நேசம்மா சிஸ்டரின் முதல் சவரம்

நேசம்மா சிஸ்டர் போய்விட்டார். அவருடைய ஊர் கருங்கல்லிலிருந்து தங்கை மகன் காலையில் போன் செய்து சொன்னான்.

நூறு வயது தாண்டியவர்தான்... இருந்தும் அப்போதிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். சென்னையிலிருந்து அடக்கத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அங்கே மூத்த நர்ஸ், ரிட்டயராகும் தறுவாயில் இருந்தார். ஒரு நிமிடம் நிற்க மாட்டார். டீயைக்கூட வராந்தாவில் நடந்துகொண்டேதான் குடிப்பார். அவரோடு பேச வேண்டுமென்றால் நாமும் நடக்க வேண்டும்.

ஒருநாள் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு நோயாளிக்கு ஷேவ் செய்யச் சொன்னார்கள். எனக்குக் கை நடுங்கியது. சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"இந்த ரேசருக்கே நடுங்குதியா பிள்ள? எனக்குக் கெடச்சது மடக்குக் கத்தி. ஒருத்தன் கழுத்துல வச்சா நமக்கு மூச்சு நின்னுரும்."

அன்று டீ நேரத்தில் நடந்தபடியே சொன்னார்...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. அவருக்குப் பதினேழு வயது. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ட்ரெய்னிங். கழுத்தில் கட்டியோடு ஒருவர் ஆபரேஷனுக்குக் காத்திருந்தார், முகமெல்லாம் தாடி. வழக்கமாகச் சவரம் செய்ய வருகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

மேட்ரன் கத்தியை இவர் கையில் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் பழகு என்றார். ஒரே நிபந்தனை. நோயாளியைத் தொடுவதற்கு முன் உயிருள்ள ஒரு மனிதர் முகத்தில் செய்து காட்ட வேண்டும்.

முதலில் பழகியது தடியங்காயில், அதாவது நீர்ப்பூசணியில். பிஞ்சுக் காயின் மேலெல்லாம் சுணை முடி இருக்குமே... அதில் சோப்பு நுரை தடவி வழித்திருக்கிறார்.

"கத்தியச் சாய்ச்சுப் பிடிக்கணும். அமுக்கப்பிடாது. அது மனசிலாவதுக்குள்ள அன்னைக்குக் கறிக்குக் காயில்லாமப் போச்சு. சமையல்காரி என்னைய கொல்ல வந்துட்டா."

காய் சரி. மனித முகத்துக்கு எங்கே போவது? கம்பவுண்டரைக் கேட்டாராம். "எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு" என்று அவர் நழுவிவிட்டார். தோட்டக்காரர் இந்தப் பக்கமே வரவில்லை. ஒரு வாரமும் ஓடிவிட்டது, மறுநாள் காலையில் ஆபரேஷன்.

அன்று மதியம் சிஸ்டரின் அப்பா வந்தார். கருங்கல் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு போடும் விவசாயி. வெயிலில் குடையோடு நடந்தே வந்திருக்கிறார். முகத்தில் பல நாள் தாடி. நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"துணிமணிய எடு. வீட்டுக்குப் போவோம்."

புதுக்கடை ஊரில் ஒரு வாத்தியாருக்கு இவரைப் பேசி வைத்திருந்தார்கள். ஆண்களுக்குச் சவரம் செய்யப் படிக்கிறாள் என்று யாரோ அங்கே போய்ச் சொல்லிவிட்டார்கள். வேலையை உடனே விட்டுவிட்டு வந்தால்தான் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பியிருந்தார்கள்.

"நாளைக்கு அந்த ஆளுக்கு ஆபரேஷன் அப்பா. வேற யாரும் இல்ல."

"இம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரில யாரும் இல்லியா? ஒனக்க அம்மா சோறு திங்காமக் கெடக்கா. ஊர்ல என்ன பறைவாங்கன்னு ஒனக்கு மனசிலாவுதா?"

இந்த இடத்தில் சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "எனக்கும் அந்த வாத்தியாரப் பிடிச்சிருந்துது பிள்ள. கோயில்ல வச்சு ஒருக்க பாத்தேன். நல்ல உயரம்."

அப்பாவிடம் அவர் வாயில் வந்தது இதுதான்.

"அப்பா, ஒங்க மொகத்த ஒருக்க தருவீங்களா? செரியா வழிக்க வரல்லன்னா இப்பமே கூட வாறேன்."

அப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டைத் தானே எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

மேட்ரன் வந்து எதிரில் நின்றார். வார்டு ஜன்னலில் தலைகள். ஒரு கன்னம் சரியாக வந்தது. மறு கன்னமும். தாடைக்குக் கீழே போனபோது அப்பா எச்சில் விழுங்கினார்... தொண்டை ஏறி இறங்கியது. கத்தி கீறிவிட்டது. நுரையில் சிவப்பு.

சிஸ்டர் கத்தியை எடுத்துவிட்டார். அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"மிச்சத்தையும் செய்."

செய்து முடித்தார். கீறலில் டிஞ்சர் மருந்து வைத்தபோது மட்டும் அப்பா முகத்தைச் சுளித்தார். மேட்ரன் குனிந்து பார்த்துவிட்டு, சரி என்று தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் சிஸ்டர் துணி மூட்டையை எடுக்க எழுந்தார். கீறிவிட்டதே... பேச்சு பேச்சுதானே.

அப்பா அதற்குள் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கியிருந்தார்.

"நாளைக்கு அந்த ஆளு எச்சி முழுங்கும்போ கத்திய எடுத்துரணும். கேட்டியா?"

அவ்வளவுதான். தனியாகவே திரும்பிப் போனார்.

மறுநாள் நோயாளிக்கு ஒரு கீறல் இல்லை. ஆபரேஷன் முடிந்து பிழைத்து ஊருக்குப் போனார்.

புதுக்கடைச் சம்பந்தம் நின்றுபோனது. சவரம் நடந்த அன்று சாயங்காலமே அப்பா அங்கே போனாராம். என்ன பேசினார் என்று கடைசிவரை வீட்டில் சொல்லவில்லை. அம்மா நெடுநாள் மகளோடு பேசவில்லை. சிஸ்டர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

போன வருடம் பார்க்கப் போயிருந்தேன். படுத்த படுக்கை. பேச்சு மட்டும் தெளிவு. கேட்கலாமா கூடாதா என்று அரைமணி நேரம் தவித்துவிட்டுக் கேட்டேன்.

"அன்னைக்கு அப்பாகூடப் போயிருக்கலாம்னு எப்பவாவது தோணிருக்கா சிஸ்டர்?"

"தோணாம இருக்குமா?" என்றார் உடனே. "ஞாயித்துக்கெழம ஆளுக ஜோடியாக் கோயிலுக்குப் போறதப் பாத்தாத் தோணும். திங்கக்கெழம டூட்டிக்கு வந்தா மறந்துரும்."

போர்வையை மார்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எல்லா ஞாயித்துக்கெழமயும் தோணாது, கேட்டியா" என்றார்.

அடக்கம் இன்று மூன்று மணிக்கு. கருங்கல் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது போய், எனக்காகவும் ஒரு பிடி மண் போடுங்கள்.

போய் வாங்க சிஸ்டர்...