வங்காளம் தெரியும் என்று தலையாட்டிய நாள்

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யார்மீது என்று கேட்டால் வரிசை நீளம். முதல் ஆளாக நிற்பது நான்தான்.

பாரிஸில், லா சப்பலில் என் மகளின் பள்ளிக்கூட வாசலில் அவளுடைய ஆசிரியை என்னைப் பிடித்துக்கொண்டார். வகுப்பைச் சினிமாவுக்குக் கூட்டிப்போகிறார்களாம். குழந்தைகளுக்கான பழைய வங்காளப் படம். பேய், வரம், பாட்டு எல்லாம் உண்டு. பேச்சுக்குத் திரையடியில் பிரெஞ்சு எழுத்து ஓடும், பாட்டுக்கு ஓடாது. உங்கள் நாட்டுப் படம்தானே, நீங்கள் வந்து பாட்டுக்குப் பொருள் சொல்வீர்களா என்றார்.

என் ஊர் யாழ்ப்பாணம். வங்காள மொழியில் எனக்குத் தண்ணீர் கேட்கவும் தெரியாது. ஆனால் வதிவிட அட்டைக்காகக் கவுண்டர் கவுண்டராக நின்று, பிரெஞ்சில் எவர் எதைக் கேட்டாலும் "வுய்" என்று தலையாட்டிப் பழகிய ஆள் நான். ஆட்டிவிட்டேன்.

பத்து வயது மகள் வீடுவரை என்னோடு பிரெஞ்சில் சண்டை பிடித்தாள். தமிழை அவள் வீட்டுக்குள்ளேயே கஞ்சத்தனமாகத்தான் செலவழிப்பாள். பள்ளிக்கூடப் பக்கம் நானும் பேசக்கூடாது. நீங்கள் ஒருநாள் வந்துவிட்டுப் போவீர்கள், இந்த வகுப்போடு வருடம் முழுக்க இருக்கப்போவது நான், என்னை வெட்கப்படுத்தாதீர்கள் என்றாள்.

வெட்கப்படுத்தத்தான் போனேன், வேலை செய்யும் உணவகத்தில் லீவு எடுத்துக்கொண்டு.

படத்தில் பாட வராத ஒருவன், மேளம் அடிக்க வராத ஒருவன். ஊர் இருவரையும் விரட்டுகிறது. காட்டில் பேய்களின் அரசன் வரம் கொடுக்கிறான். இனி அவர்கள் பாடினால் கேட்பவர் அசையமுடியாது. செருப்பை மாட்டிக் கைதட்டினால் நினைத்த இடத்துக்குப் போகலாம். இதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு வாங்கி எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் இல்லை, லாரிக்குள் ஒளிந்து வருவதில்லை, இவன்களுக்கு ஒரு கைதட்டு.

முதல் பாட்டு வந்தது. ஆசிரியை என்னைப் பார்த்தார். தாய்ப்பாசம் என்றேன். அடுத்த பாட்டுக்கு நிலவு என்றேன். நம் படங்களில் இந்த இரண்டுக்குள் பாதிப் பாட்டு அடங்கிவிடும். மூன்றாவதற்கும் நிலவுதான். பின்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு சிறுமி, அரசசபையில் எல்லோரும் உறைந்து நிற்கிறார்களே, நிலவு எங்கே மிஸ்யூ என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. மகள் கதிரைக்குள் இறங்கி இறங்கி, கடைசியில் தலைமயிர் மட்டும் தெரிந்தது.

முடிவில் ஒரு யுத்தம். பட்டினி கிடந்த சிப்பாய்கள் புறப்படுகிறார்கள். இருவரும் பாடுகிறார்கள், வானத்திலிருந்து பானை பானையாக இனிப்பு இறங்குகிறது, ஆயுதத்தைப் போட்டுவிட்டு எல்லோரும் பானைக்கு ஓடுகிறார்கள். யுத்தம் முடிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

விளக்குப் போட்டதும் அந்தக் கண்ணாடிச் சிறுமி மறுபடி கையை உயர்த்தினாள். உங்கள் நாட்டிலும் யுத்தம் நடந்ததாமே, அதுவும் இப்படித்தான் முடிந்ததா என்றாள். அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஆசிரியைதான், பாடம் நன்றாகப் போகிறது என்பதுபோல, புன்னகையோடு என் தலையாட்டலுக்குக் காத்திருந்தார்.

தலை ஆடவில்லை.

"நோன்" என்றேன். இந்த நாட்டில் நான் சத்தமாகச் சொன்ன முதல் நோன் அதுவாகத்தான் இருக்கும். எங்களுக்கு வானத்திலிருந்து இறங்கியது இனிப்பு இல்லை என்றேன். என் மொழி தமிழ், இந்தப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது, நிலவெல்லாம் நான் விட்ட கதை என்றும், என் உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். ஆசிரியையின் முகம் சிவந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் அசையவும் இல்லை. பாடாமலே உறையவைத்துவிட்டேன்.

திரும்பும்போது பிள்ளைகள் இரண்டிரண்டாக நடந்தார்கள். மெட்ரோப் பாலத்தடியில் சிவப்பு விளக்குக்கு நின்றோம். இரண்டு வரிசை முன்னால் நின்ற மகள் திரும்பினாள்.

"அப்பா, உங்களுக்குப் பொய்யும் வடிவாச் சொல்ல வராது. இனி இஞ்சை உண்மையே சொல்லுங்கோ."

தமிழில். வகுப்பு முழுக்கக் கேட்க. அவளோடும் கோபிக்கத்தான் வாயெடுத்தேன், பச்சை விழுந்துவிட்டது.