தூதுவளை சூப்பும் ஒரு தீப்பெட்டியும்

இன்று காலை தாம்பரத்தில் நடைப்பயிற்சி முடித்துவிட்டு, வழக்கமான மூலிகை சூப் வண்டியருகே நின்றேன்.

பக்கத்தில் நின்றவர் தூதுவளை சூப்பைக் குடித்து முடித்தார். வண்டியில் இருந்த தீப்பெட்டியை எடுத்து சிகரெட் பற்றவைத்தார். உடனே உடம்பே குலுங்கும்படி இருமல்.

“தள்ளி நின்னு பிடிங்க சார்” என்றேன்.

“நெஞ்சுக்கு ஒண்ணும் ஆவாது மேடம். டெய்லி சூப்பு குடிக்கிறேன்ல, இம்யூனிட்டி சும்மா கும்முனு கீது. பாருங்க, சளி எப்டி வெளிய வருது!”

பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கும் வாய் சும்மா இருக்குமா?

“அது சூப்பு இல்ல சார். கிருமியையும் தூசியையும் சளியோட வெளிய தள்ள, மூச்சுக்குழாய்ல குட்டிக் குட்டி முடி இருக்கு. உங்க புகை அதைப் படுக்க வெச்சிடுச்சு. தள்ள ஆளில்லாமத்தான் இப்படி இருமுறீங்க.”

“காலங்காத்தால பேஜார் பண்றியேம்மா” என்று முறைத்துவிட்டு அவர் நகர்ந்தார். நான் நகரவில்லை. தீப்பெட்டியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

“அக்கா, என் தீப்பெட்டி!” என்றார் சூப் கடைக்காரர்.

“அடுப்புக்கு மட்டும்னா நாளைக்குத் தர்றேண்ணா.”

இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நான் செய்தது தப்பு என்பவர்கள் கமென்டில் வரலாம். இருமாமல் பேசவும்.