பிசின் பூசிய செல்லோ

கோட்டாறு இஞ்ஞாசி ஆசானுக்குக் குளச்சல் சகாயம் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அறுபது வயதுக்குள் அவர் பட்ட ஒரே கடன் அது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்தான்; ஆனால் அவர் ஃபைபர் ஒட்டிய வள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியதென்று எவனாவது சொல்லட்டும், பார்ப்போம். அந்தமானில் இருபது வருடம் இதே தொழில்.

மகள் பிரிஜா பிறந்தது அங்கே, போர்ட் பிளேரில். கோயில் பாடற்குழுவில் ஒரு கன்னியாஸ்திரி அவளுக்குச் செல்லோ பழக்கினார். வயலினுக்கு அண்ணன் மாதிரி, தரையில் ஊன்றி வாசிக்கும் கருவி. பன்னிரண்டு வயதில் ஊர் திரும்பியபோது அது தீவிலேயே நின்றுவிட்டது. பிள்ளை கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அதில் விரல் ஓட்டுவதைப் பார்த்தார் சகாயம். கோட்டாறு முழுக்க விசாரித்து, இசை பழக்கும் இஞ்ஞாசி ஆசானின் செல்லோவை இரவல் வாங்கி வந்தார்.

சென்னை இசைக்கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், பேருந்துப் படியில் இடித்து அதன் முன்பலகை விரிசல் விட்டது. பிரிஜா பள்ளிக்கூடம் போன நேரத்தில் சகாயம் அதைப் பட்டறைக்குத் தூக்கினார். வள்ளத்துக்குச் செய்வது போலவே பிசின் ஊற்றி, மூன்று அடுக்கு ஃபைபர் ஒட்டி, தேய்த்து மினுக்கினார். சாயங்காலம் மகள் வில்லை இழுத்தாள். நனைந்த சாக்கை அடித்தது போல ஒரு சத்தம்.

"அப்பா, இந்தப் பலவை துடிக்கணும். நீங்க அத அசையாம கெட்டிப்போட்டிய."

சகாயம் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஆசான் தட்டிப் பார்த்தார். "ஏலே சகாயம், இனி இதுல எஞ்சின் வச்சு மத்தி பிடிக்கப் போவலாம்."

சகாயத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "வெலையச் சொல்லும் ஆசானே."

"வெலயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"நான் ஓசிக்காரன் இல்ல. சொல்லும்."

ஆசான் ஒருவழியாக நாற்பத்தைந்தாயிரம் என்றார்.

பிரிஜா வெறும் வில்லோடு ரயிலேறினாள். யாருடைய கருவியையோ வாங்கி வாசித்துத் தேறினாள். நாலு வருடம் கழித்து உதவித்தொகை கிடைத்து ஜெர்மனி இசைக்கல்லூரிக்கும் போனாள். குளச்சலில் வேறு எவன் மகள் போனாள்? ஆசானுக்கென்று சேர்த்த பணம் முதலில் சென்னை விடுதிக்குப் போனது, பிறகு விமான டிக்கெட்டுக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் வாசித்துக் காட்டுவாள். கீழ்ச்சுரம் வந்ததும் போன் அதை விழுங்கிவிடும். தீவு வீட்டில் அவள் வாசிக்கும்போது தரைப்பலகை வழியே அவர் உள்ளங்காலில் ஓர் அதிர்வு ஏறும். அதை நினைத்து இங்கே சிமெண்டுத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். ஒன்றும் ஏறாது.

"மக்கா, ஒரு நட வந்துட்டுப் போவியா?"

"வாறேம்ப்பா. அந்தச் செல்லோவுக்குப் புதுப் பலவை போட இங்க ஒரு ஆசாரி இருக்காரு. எடுத்துட்டுப் போவ வரணும். ஆனா அது ஆசானுக்கதுல்லா? ரூவா நான் அனுப்பட்டா?"

"கெடுத்தது எனக்க கை. நாந்தான் குடுப்பேன்."

அந்த மழைக்காலத்தில் கரையேறிய பதினோரு வள்ளங்களை ஒற்றை ஆளாக ஒட்டினார். கூலியை வாங்கிக்கொண்டு, கையில் பிசின் காயுமுன் கோட்டாற்றுக்குப் பேருந்து ஏறினார். ஆசான் வீட்டுச் சுவரில் செல்லோ சாய்ந்திருந்தது.

"எண்ணாண்டாம்டே, அங்கன வையி."

"கைய நீட்டும் ஆசானே. அத எடுக்க அவ வருவா."

ஆசான் கையை நீட்டினார். சகாயம் ஐந்நூறு ஐந்நூறாக எண்ணி வைத்தார். தொண்ணூறாவது நோட்டு விழும்வரை அந்த உள்ளங்கை விரிந்தே இருந்தது.